கணக்கில் ஒரு வகுப்பைத் தாண்டும் தேர்வு: வீட்டில் வருகிறது, கடிகாரம் வைத்தால் கை ஓடவில்லை

தாண்டுகிளி

வணக்கம். அடுத்த வருஷக் கணக்கை நானே படித்து, தேர்வு எழுதி, அந்த வகுப்பைத் தாண்டி நேராக முன்-நுண்கணிதத்தில் (ப்ரீ-கால்குலஸ்) சேர விண்ணப்பித்திருக்கிறேன். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. 120 நிமிடம், 40 கேள்வி, எல்லாவற்றுக்கும் சம மார்க். 80 சதவீதம் எடுத்தால்தான் தாண்ட விடுவார்கள். இருபடிச் சமன்பாடு, மடக்கை, சார்புகள், முக்கோணவியல், தொடர்கள் எல்லாம் உண்டு. ஸ்டெப் காட்ட வேண்டும்.

பாடத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிக் கணக்குகள் முக்கால்வாசிக்கு மேல் சரியாக வருகின்றன. ஆனால் டைம் வைத்து முழுத்தாள் எழுதினால் 25, 26 கேள்வியோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது, நான்காவது கேள்வியிலேயே தலை காலியாகி, தெரிந்த ஃபார்முலாகூட வருவதில்லை. இந்தப் பயத்தை எப்படிக் குறைப்பது? இல்லை, தாண்டும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லதா?

வெள்ளைப்பலகை

விடுவதா வேண்டாமா என்பது பிறகு. உங்களுக்கு இருப்பது பயமா, பாடத்தில் ஓட்டையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மட்டும் வேறு வேறு.

இதுவரை பார்க்காத ஒரு முழுத்தாளை எடுங்கள். 120 நிமிடம் நீலப் பேனா. மணி அடித்ததும் எழுதின இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பச்சைப் பேனாவுக்கு மாறுங்கள். புத்தகத்தைத் தொடாமல் இன்னும் ஒரு மணி நேரம் எழுதுங்கள். பிறகு இரண்டு நிறத்துக்கும் தனித்தனியாக மார்க் போடுங்கள். 80 சதவீதம் என்றால் உங்களுக்கு 32 கேள்வி சரியாக வேண்டும். நீலத்தில் 26, பச்சையோடு சேர்த்து 35 என்றால் பாடம் தெரியும், நேரமோ பதற்றமோதான் தடுக்கிறது. நீலத்தில் 26, பச்சையும் சேர்த்தே 28 என்றால் மூச்சுப்பயிற்சி எத்தனை செய்தாலும் 32 வராது. உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. பாடத்துக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிகள் வருகின்றன என்பதை ரொம்ப நம்ப வேண்டாம். மேலே "மடக்கை" என்று தலைப்பு இருக்கிறது. எந்த முறையைப் பிடிக்க வேண்டும் என்ற பாதி வேலையைத் தலைப்பே செய்து கொடுத்துவிடுகிறது. தேர்வுத்தாளில் தலைப்பு கிடையாது. மூன்றாவது கேள்வியில் தலை காலியாவதற்குப் பல பேருக்குக் காரணம் இதுதான்: கணக்குப் போடத் தெரியும், கணக்கை அடையாளம் காணப் பழகவில்லை.

40 சீட்டு வெட்டி, ஐந்து பாடத்திலிருந்தும் எட்டெட்டுக் கேள்வி எழுதிக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்து, விடை போடாமல், எந்த முறை என்று மட்டும் 20 விநாடிக்குள் வாய்விட்டுச் சொல்லுங்கள். 40-ஐயும் முடித்த பிறகு, சொல்லத் தடுமாறிய சீட்டுகளை மட்டும் எழுதிப் போடுங்கள். இப்படிக் கலந்து படிக்கும்போது ஒன்றுமே ஏறாத மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் கணக்குப் பயிற்சியை வைத்தே இதைச் சோதித்தார்கள். கலந்து போட்டவர்கள் பயிற்சியின்போது மோசமாகவும், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மிக நன்றாகவும் செய்தார்கள்.

மீதித்தேற்றம்

தானாகப் படித்துத் தாண்டுகிறவர்கள் மார்க் விடும் இடம் பெரும்பாலும் கஷ்டமான கணக்கு இல்லீங்க. வகுப்பில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் பத்துத் தடவை சிவப்பு மையில் சுழித்திருப்பாரே, அந்த மாதிரிச் சின்னப் பிழைகள். தனியாகப் படிக்கும்போது சுழிக்க ஆள் இல்லை.

உதாரணம்: √(எக்ஸ் + 6) = எக்ஸ். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினால் எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0. காரணிப்படுத்தினால் 3, −2 என்று இரண்டு மூலம். அதை அப்படியே எழுதினால் தப்பு. −2-ஐத் திரும்பப் போட்டுப் பாருங்க: இடப்பக்கம் √4, அதாவது 2, வலப்பக்கம் −2. ஒத்துவரவில்லை. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோவதால் இல்லாத மூலம் ஒன்று உள்ளே நுழைந்துவிடுகிறது. விடை 3 மட்டும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு, இருக்கிற மூலத்தைத் தொலைப்பது. 2 சைன் எக்ஸ் · காஸ் எக்ஸ் = காஸ் எக்ஸ், 0 முதல் 360 பாகைக்குள். பார்த்ததும் காஸ் எக்ஸை இரண்டு பக்கமும் அடிக்கக் கை துறுதுறுக்கும். அடித்தால் சைன் எக்ஸ் = ½, விடை 30, 150. பாதி போச்சு. காஸ் எக்ஸ் பூச்சியமாக இருக்கலாம், பூச்சியத்தால் வகுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காஸ் எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்தால் 90, 270 இரண்டும் சேர்ந்து நாலு விடை.

மடக்கையில் கூட்டலை உடைப்பது (லாக்(அ + ஆ) என்பது லாக் அ + லாக் ஆ ஆகாது), மடக்கைக்குள் எதிர்மறை எண் வரும் விடையைத் தள்ளாமல் விடுவது, அசமன்பாட்டை எதிர்மறை எண்ணால் பெருக்கிவிட்டுக் குறியைத் திருப்ப மறப்பது. இதெல்லாம் ஒவ்வொரு மாதிரித்தாளிலும் ஒன்று ரெண்டு கிடைக்கும்.

ஒரு நோட்டில் மூணு பத்தி போடுங்க: "தெரியவே தெரியாது", "தெரியும், கை தப்பியது", "நேரம் போதவில்லை". தப்பான கேள்வி ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பத்திக்குள் போயாகணும். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதி வைக்காதீங்க, அதை வைத்து எதையும் திருத்த முடியாது. "வர்க்கப்படுத்தினேன், திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதினால் திருத்தலாம்.

நடுப்புள்ளி

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. அதுக்கப்புறமும் பதற்றம் மிச்சம் இருக்கும், அதுக்கு என்ன பண்றதுன்னு சொல்றேன்.

கணக்குப் போடும்போது நடுவுல வர்ற எண்கள், அடுத்த ஸ்டெப், குறி எல்லாத்தையும் மனசு கொஞ்ச நேரம் கையில பிடிச்சு வெச்சிருக்கும். அந்தப் பிடி ரொம்பச் சின்னது. "ஃபெயில் ஆயிட்டா?"ங்கிற கவலையும் அதே இடத்துலதான் வந்து உட்காருது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2001-ல சோதிச்சுக் காட்டினது இதைத்தான். அதனால தெரிஞ்ச ஃபார்முலா அழிஞ்சு போறதில்ல, எடுக்க இடம் இல்லாம நிக்குது. மனசுல வெச்சிருக்கறதை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேப்பருக்கு இறக்கணும். மனக்கணக்கா ரெண்டு ஸ்டெப்பைச் சேர்த்துத் தாண்டாதீங்க, முக்கியமா குறி மாறுற ஸ்டெப்.

தேர்வு ஆரம்பிச்சதும் 2 நிமிஷம் ரஃப் ஷீட்ல ஃபார்முலா எழுதுங்க. அடுத்த 68 நிமிஷம் முதல் சுற்று: படிச்சு 30 விநாடிக்குள்ள முறை தோணினா போடுங்க, தோணலைன்னா கேள்வி எண்ணைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு நகருங்க. அப்புறம் 35 நிமிஷம் வட்டம் போட்டதுக்கு. கடைசி 15 நிமிஷம் விடைகளைத் திரும்பப் போட்டுப் பார்க்க. முதல் கேள்வியை முதல்ல போடணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

தலை காலியாச்சுன்னா பேனாவைக் கீழ வைங்க. 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்க, அஞ்சு தடவை. மொத்தம் 50 விநாடி. விடுறது இழுக்கறதை விட நீளமா இருக்கணும், நாடித்துடிப்பு அதுலதான் இறங்கும். அப்புறம் கேள்வில கொடுத்ததை அப்படியே காப்பி பண்ணுங்க, கீழ "கேட்டது:"ன்னு எழுதுங்க. யோசிக்க வேண்டாம், கை ஓடினா போதும். இதை வீட்டுல மாதிரித்தாள் எழுதும்போதே பழகணும். தேர்வு அன்னைக்குப் புதுசா முயற்சி பண்ணினா அதுவே இன்னொரு பதற்றம்.

தேர்வுக்கு முன்னாடி 10 நிமிஷம், எதுக்குப் பயப்படறோம்னு ஒரு தாள்ல ஒளிவுமறைவில்லாம எழுதிப் பாக்கலாம். ஜெரார்டோ ரமிரெஸ், ஷான் பெய்லாக் 2011-ல செஞ்ச ஆய்வுல, அதிகம் பதற்றப்படற மாணவர்களுக்கு இது மார்க்கைக் கூட்டிச்சு. எழுதினதைக் கிழிச்சுப் போட்டுடலாம், யாரும் படிக்கறதுக்கு இல்லை.

முந்தின ராத்திரி தூங்குங்க. வாரக்கணக்கா தூக்கம் வரலை, சாப்பாடு இறங்கலை, மாதிரித்தாளை எடுத்தாலே வாந்தி வருதுன்னா இந்த மாதிரி உத்தியோட நிறுத்தாதீங்க. பள்ளி ஆலோசகர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ போங்க.

வெள்ளைப்பலகை

ஃபார்முலா எழுதும் அந்த 2 நிமிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பலர் இருபது ஃபார்முலா எழுத ஆரம்பித்து, ஏழாவதில் மாட்டிக்கொண்டு, கேள்வித்தாளைத் திறப்பதற்கு முன்பே பதறிப்போகிறார்கள். மூன்று பத்தி நோட்டில் திரும்பத் திரும்ப வரும் ஐந்தை மட்டும் எழுதுங்கள். இருபடி ஃபார்முலா தூக்கத்தில் கேட்டாலும் வரும் என்றால் அதற்கு அங்கே இடம் எதற்கு?

தாண்டுகிளி

ரொம்ப நன்றி. பச்சைப் பேனா வைத்து எழுதிப் பார்த்தேன். நீலத்தில் 25, பச்சையில் இன்னும் 9, மொத்தம் 34. பச்சையில் வந்த ஒன்பதில் ஆறு முக்கோணவியல். தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

மீதித்தேற்றம்

தோற்றால் என்ன ஆகும்னு யோசிக்காதீங்க, பள்ளியில் கேட்டு எழுதி வாங்கிக்குங்க. நாலு கேள்வி: மறுபடி எழுத விடுவார்களா, எத்தனை நாள் கழித்து? தோற்ற மார்க் மதிப்பெண் பதிவில் ஏறுமா? எந்தத் தேதி வரைக்கும் விலகலாம்? தாண்டின பிறகு மேல் வகுப்பு ஒத்துவரவில்லை என்றால் எத்தனை வாரத்துக்குள் கீழே இறங்கலாம்? விலகும் தேதிக்கு முன்னாடி ரெண்டு மாதிரித்தாள் எழுதுங்க. ரெண்டிலும் நீலமே 32-க்குக் கீழே இருந்தால், அடுத்த வாய்ப்புக்குத் தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

வெள்ளைப்பலகை

34 வந்திருப்பதால் பாடம் இருக்கிறது. ஆறு கேள்வி ஒரே பாடத்தில் தேங்கியிருப்பதால் இதைப் பயம் என்று சொல்ல மாட்டேன். பயம் பாடம் பார்த்து வராது. சைன் 150 வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் முக்கோணம் வரைந்து கண்டுபிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்விக்குச் சராசரி 3 நிமிடம்தான், அதில் ஒரு நிமிடம் அங்கேயே போய்விடும்.

தினமும் காலையில் வெற்றுத்தாளில் ஓரலகு வட்டம் (ஆரம் 1 உள்ள வட்டம்) வரைந்து 16 கோணத்தையும் குறியுங்கள்: 0-விலிருந்து 330 பாகை வரை 30, 45-இன் மடங்குகள். ஒவ்வொன்றுக்கும் காஸ், சைன் மதிப்பு. முதல் நாள் 12 நிமிடம் ஆகலாம், 4 நிமிடத்துக்குள் வரும்வரை விடாதீர்கள். முதல் கால்வட்டத்தில் 30, 45, 60 தெரிந்தால் போதும், மற்ற மூன்றிலும் குறி மட்டும்தான் மாறுகிறது. அந்த ஆறும் நீலத்துக்கு வந்தால் 31. இன்னும் ஒன்று வேண்டும். மூன்று பத்தி நோட்டில் "கை தப்பியது" பத்தியைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கும்.