ஒலி நாடகத்துல மழை சத்தம் மழையாவே கேக்க மாட்டேங்குது, என்ன பண்றது?

இடியோசை:
நாங்க சில பேர் சேர்ந்து ஒரு ஒலி நாடகம் பண்றோம், கதை முழுக்க மழை ராத்திரி. வெளில மைக் வெச்சு எடுத்த நிஜ மழையப் போட்டா வெறும் இரைச்சலா இருக்கு, மழைன்னே தெரியல. ரெடிமேடா பதிவு பண்ண சத்தங்க இருக்குற எபெக்ட்ஸ் பேக் வாங்கலாமா, நாமளே கையால பண்ணலாமா? வசனத்த அமுக்கிடுமோன்னும் பயமா இருக்கு.

காதுகொடு:
மழைக்குன்னு தனியா பெருசா சத்தம் கிடையாதுங்க, எது மேல விழுதோ அதோட சத்தம்தான் நமக்கு கேக்குது. வெட்டவெளில மைக் வெச்சா எல்லாம் கலந்து இரைச்சலாதான் வரும். முதல்ல உங்க பாத்திரம் எங்க நிக்குதுன்னு முடிவு பண்ணுங்க, குடைக்குள்ளன்னா குடைத்துணில விழுறத கிட்டத்துல எடுங்க, தகரக் கூரைன்னா தகரம், மத்த மழையெல்லாம் பின்னாடி லேசா ஓடட்டும். தனித்தனி சொட்டு காதுல பட்டாதான் மனசு மழைன்னு ஒத்துக்கும்.

பழைய மேடை:
கையால பண்ணுங்க, என் ஓட்டு அதுக்குத்தான். மேடை நாடகத்துல பெரிய தகரத் தகட்ட தொங்கவிட்டு ஆட்டினா இடி, பெட்டிக்குள்ள காஞ்ச பட்டாணிய உருட்டினா மழை, மரச்சட்டம் அடிச்ச உருளைய கேன்வாஸ் துணிக்கு அடில சுத்தினா காத்து. சினிமால 1929 வாக்குல யுனிவர்சல் ஸ்டுடியோல ஜாக் ஃபோலி படத்தப் பாத்துட்டே அதுக்கேத்த மாதிரி சத்தம் குடுத்தார், இன்னிக்கும் அந்த வேலைக்கு அவர் பேர்தான். குதிரைக்கு கொட்டாங்குச்சி, பனில நடக்க தோல் பையில சோளமாவு, எலும்பு முறிய செலரித் தண்டு. பொருள் எதுவா இருந்தா என்ன, சத்தம் குடுக்குறவரும் நடிக்கணும், காலடி கோவத்துல வருதா பயத்துல வருதான்னு கேக்குறவங்களுக்குப் புரியணும், ரெடிமேட் பேக்ல அது வரவே வராது.

மிக்ஸிங் மேசை:
பேக் பின்னணிக்கு ஓகே, ஆனா தனியா தெரியிற சத்தத்துக்கு வேணாம். 1951 படம் ஒண்ணுக்காக எடுத்த வில்ஹெல்ம் அலறல் அப்புறம் நூத்துக்கணக்கான படத்துல வந்துடுச்சு, இப்ப அது கேட்டதும் பாதி பேருக்கு கதை மறந்து போய்டுது. வசனத்துக்கு, காட்சி ஆரம்பத்துல மழைய நல்லா கேக்க விட்டு பேச்சு வந்ததும் இறக்குங்க, காது பழகிடும். ஈக்வலைசர்ல (சத்தத்தோட ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கிற கருவி) 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மழைய கொஞ்சம் வெட்டுங்க, வசனத்தோட தெளிவு அங்கதான் இருக்கு.

இடியோசை:
குடை ஐடியா சூப்பர், நன்றி. முக்கியமான வசனம் வரப்ப மழைய மொத்தமா நிறுத்தலாமா?

மிக்ஸிங் மேசை:
திடீர்னு நிறுத்தாதீங்க, தப்பா எடிட் பண்ண மாதிரி தெரியும். யாராவது ஜன்னல சாத்துற சத்தம் போட்டு, அதோட மழைல கீச்சு பகுதிய ஃபில்டர்ல எடுத்துடுங்க, குறைஞ்சதுக்கு கதையிலயே காரணம் இருக்கும்.