சிலிண்டரில் கேஸ் இருந்தும் பனிக்காலக் காலையில் கீசர் அணைந்துவிடுகிறது: என்ன கோளாறு?

எமரால்டுவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் எமரால்டு பக்கம் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரே 14.2 கிலோ சிலிண்டரிலிருந்து டியூபைப் பிரித்து, சமையலறை அடுப்புக்கும் 6 லிட்டர் கேஸ் கீசருக்கும் கொடுத்திருக்கிறோம். சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, வெயில் படாத வடக்குச் சுவரையொட்டி, தகரக் கூரையின் கீழே ஈரமான சிமென்டுத் தரையில் நிற்கிறது.

உறைபனி விழத் தொடங்கியதிலிருந்து, காலையில் முதலில் குளிப்பவருக்கு வெந்நீர் ஒழுங்காக வருகிறது. அடுத்தவர் பாதிக் குளியலில் இருக்கும்போது கீசரின் சுடர் தாழ்ந்து அணைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்தால், சுடர் பர்னர் துளைகளோடு ஒட்டிக்கொண்டு துடிக்கிறதே தவிர மேலே எழும்புவதில்லை. மதியம் வெயில் ஏறிய பிறகு அதே சிலிண்டரில் அடுப்பு எந்தக் குறையுமின்றி எரிகிறது. ஏஜென்சியில் கேட்டால், கேஸ் தீர்ந்திருக்கும், புதிய சிலிண்டருக்குப் பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். ஆனால் தராசில் வைத்துப் பார்த்தபோது, சிலிண்டரில் பொறித்துள்ள காலி எடையைவிடச் சுமார் 5 கிலோ கூடுதலாகவே இருந்தது. ரெகுலேட்டரை மாற்ற வேண்டுமா, கீசரைப் பழுதுபார்க்க வேண்டுமா என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

தேயிலைத்தோட்டம்:

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள தொல்லைதான். அகலமான பாத்திரத்தில் சுடுதண்ணீர் ஊற்றி அதில் சிலிண்டரை நிறுத்திவிட்டால் உடனே சரியாகிவிடும். சிலர் சிலிண்டரைப் படுக்கவைத்தும் மிச்ச கேஸை எரித்துத் தீர்க்கிறார்கள்.

வேதியியல் ஆசிரியர்:

மேலே உள்ள இரண்டு யோசனைகளையும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் காரணத்தைப் பார்ப்போம், ஏனெனில் நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் ரெகுலேட்டரும் கீசரும் நல்ல நிலையில்தான் இருக்க வேண்டும்.

நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். கடல் மட்ட அழுத்தத்தில் புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சாதாரண பியூட்டேனோ மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதிக்கும். 20 டிகிரி வெப்பநிலையில் பியூட்டேனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு இருக்கும்; 0 டிகிரியில் அது ஏறக்குறைய ஒரு மடங்காகக் குறைந்துவிடும், அதாவது வாயுவை வெளியே தள்ளுவதற்கு மிகுதி அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் ஊர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் சிறிதளவு மிகுதி கிடைக்கும், அதனால்தான் முதலில் குளிப்பவர் தப்பித்துக்கொள்கிறார். சிலிண்டர் புதிதாக வந்தபோது புரோப்பேன் முந்திக்கொண்டு வெளியேறுகிறது. நாள் ஆக ஆக அடியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். ஆகவே குளிர் ஒன்றேயானாலும், நிறைந்த சிலிண்டரில் தெரியாத கோளாறு பாதிக்குமேல் தீர்ந்த சிலிண்டரில் தெரியும்.

இரண்டாவது காரணம் கீசர் இழுக்கும் வேகம். 6 லிட்டர் கீசர் என்றால் நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரைச் சுமார் 25 டிகிரி சூடேற்றக்கூடியது என்று பொருள். அதற்கு 10 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும், கேஸ் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 850 கிராம். அடுப்பின் பெரிய பர்னர் மணிக்கு 150 முதல் 200 கிராம்தான் எரிக்கும். திரவம் ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தை சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாகச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காற்றே 2 டிகிரியில் இருக்கும்போது கீசர் கேட்கும் வேகத்துக்கு அந்த வெப்பம் வந்து சேராது. திரவம் தன் சூட்டையே செலவழித்து மேலும் குளிர்ந்து, அழுத்தம் இன்னும் இறங்கிவிடுகிறது. மதியம் அடுப்பு நன்றாக எரிவதற்கும் இதுவே விளக்கம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கீசர் அணைந்தவுடன் சிலிண்டரைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு மட்டத்துக்குக் கீழே மட்டும் வியர்த்தோ வெள்ளையாகப் பனி பூத்தோ இருந்தால், அந்தக் கோடு வரைதான் உள்ளே திரவம் இருக்கிறது, அது அளவுமீறிக் குளிர்ந்துவிட்டது என்று அறியலாம்.

இனி, சிலிண்டரைச் சாய்ப்பதைப் பற்றி: படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அடுப்பில் நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பினால் யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

பழைய மெக்கானிக்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

சுடுதண்ணீர் விவகாரத்தில், சிலிண்டரின் அடி வளையம் துருப்பிடிப்பது சிறிய கெடுதல். பெரிய கெடுதல் என்னவென்றால், இன்று வெதுவெதுப்பான நீர் ஊற்றுபவர் நாளை கொதிநீர் ஊற்றுவார், மறுநாள் கரி அடுப்பைப் பக்கத்தில் நகர்த்துவார். இதை வீடுகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலிண்டருக்கு எந்த வகையிலும் சூடு காட்டாமல் இருப்பதே முறை.

ரெகுலேட்டர்மீது இன்னும் ஐயம் இருந்தால், அதே ரெகுலேட்டரை ஒரு நிறை சிலிண்டரில் பொருத்தி, வெயில் நேரத்தில் கீசரையும் அடுப்பையும் ஒன்றாக இயக்கிப் பாருங்கள். அப்போதும் சுடர் தாழ்ந்தால் ரெகுலேட்டரோ டியூபோ காரணம். ரெகுலேட்டரை ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இரண்டாவது சிலிண்டர் இணைப்பு. ஏஜென்சியில் விண்ணப்பித்து இரண்டாவது சிலிண்டரைப் பெற்று, கீசருக்குத் தனியாக ஒரு ரெகுலேட்டரும் வழியும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் நிறை சிலிண்டரை எப்போதும் கீசருக்கே கொடுங்கள். அது பாதி தீர்ந்ததும் சமையலறைக்கு மாற்றி, அடுப்பில் எரித்து முடியுங்கள். அடுப்பு மெதுவாக இழுப்பதால், கீசருக்கு உதவாத அந்த அடி கேஸ் அங்கே வீணாகாமல் தீர்ந்துவிடும். சிலிண்டரை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பும்போது உள்ளே கேஸ் மிஞ்சிப்போவதும் இதனால் நிற்கும்.

சமையலறை சிலிண்டரை உள்ளே கொண்டுவந்து, அடுப்பைவிடத் தாழ்வாக, தரையில் நிமிர்த்தி வையுங்கள். பூட்டிய அலமாரிக்குள் வேண்டாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும் என்பதால் கதவுக்குக் கீழே இடைவெளி இருப்பது நல்லது. மேலும், டியூபை இடையில் பிரித்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இணைப்பு எதனால் ஆனது? டியூபில் போட்டிருக்கும் தேதி என்ன? கீசர் எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது?

எமரால்டுவாசி:

மிக்க நன்றி. இன்று காலை தடவிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை சிலிண்டர் நனைந்து சில்லென்று இருந்தது, அதற்கு மேலே காய்ந்திருந்தது. டியூபை ஒரு பிளாஸ்டிக் டீ இணைப்பால் பிரித்துக் கிளிப் போட்டிருக்கிறார்கள். கீசருக்குப் போகும் பகுதி சாதாரணப் பச்சை டியூப், அதில் தேதி எதுவும் இல்லை. கீசர் குளியலறைக்குள்ளேயே, கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. குளிருக்காகச் சன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். கீசர் எரியும்போதுகூட நீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்பதையும் சொல்ல விட்டுவிட்டேன்.

பழைய மெக்கானிக்:

அம்மா, கேஸ் கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, இன்றே அந்தக் கீசரின் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள்.

அடைத்த சிறிய அறையில் கீசர் எரிந்தால், அது அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவைக் காட்டிக்கொடுக்க கேஸில் சேர்க்கும் மெர்காப்டன் நெருப்பில் எரிந்துபோவதால், நாற்றத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. லேசான தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, கதவைத் திறக்கக் கைகால் ஒத்துழைக்காத நிலைக்குக் கொண்டுபோய்விடும். கேஸ் கீசர் உள்ள குளியலறைகளில் நம் நாட்டில் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கீசர் அணைந்ததால்தான் உங்கள் வீட்டில் இரண்டாமவர் பிழைத்தார் என்றுகூட நான் நினைக்கிறேன். சன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீசரை வெளிச்சுவரில், கூரை நிழலில், காற்றோட்டமான இடத்தில் மாட்டி, உள்ளே வெந்நீர்க் குழாயை மட்டும் கொண்டுவர வேண்டும்.

அந்த பிளாஸ்டிக் டீயையும் பச்சை டியூபையும் கழற்றி எறியுங்கள். ஏஜென்சியில் கிடைக்கும், உள்ளே கம்பி வலை கொண்ட ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை மட்டும் பயன்படுத்துங்கள். அதையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். தூரம் அதிகமென்றால் டியூபை நீட்டாமல், ஏஜென்சி மெக்கானிக்கை வைத்துச் செம்புக் குழாய் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள். கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, மின்சுவிட்சு எதையும் தொடாமல், வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

வேதியியல் ஆசிரியர்:

வெதுவெதுப்பு பற்றி ஒரு குறிப்பு. உங்கள் தொட்டி நீர் காலையில் 8 டிகிரியில் இருந்தால், 25 டிகிரி கூட்டினாலும் 33தான் வரும். அது உடல் சூட்டுக்கும் குறைவு. கீசரை வெளியே மாற்றிய பிறகு, அதன் நீர்த்திருகைக் குறைத்து நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவில் விட்டால் 45 டிகிரி கிடைக்கும். ஆனால் நீரழுத்தம் மிகவும் குறைந்தால் கீசர் பற்றவே பற்றாது, டிக் டிக் என்ற பொறியின் ஓசைகூடக் கேட்காது. தொட்டி கீசருக்கு மேல் குறைந்தது 2 அல்லது 3 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஓசை கேட்டும் பற்றவில்லை என்றால், முதலில் அடியிலுள்ள இரண்டு பேட்டரிகளை மாற்றிப் பாருங்கள். பனிக்காலத்தில் அவையும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

எமரால்டுவாசி:

கீசரின் வால்வை மூடிவிட்டோம். இப்போதைக்கு விறகு அடுப்பில் வெந்நீர் காய்ச்சிக்கொள்கிறோம். இரண்டாவது இணைப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கீசரை மாட்டக் கிழக்குச் சுவரில் வெயில் படும் ஓர் இடம் பார்த்திருக்கிறோம். அதன் கீழேயே சிலிண்டரையும் வைக்கலாமா?

பழைய மெக்கானிக்:

கீசருக்கு நேர் கீழே வேண்டாம், பக்கவாட்டில் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அருகில் சாக்கடைத் துளையோ பள்ளமோ இருக்கக் கூடாது. காலை இளவெயில் படலாம். மதிய வெயிலை மறைக்க மேலே ஒரு தகரம் போதும். ஈரச் சிமென்டில் நிறுத்தாமல் மரச்சட்டத்தின்மேல் ஏற்றிவிடுங்கள்.