பாண்டி பஜார் நடைபாதையில் ஸ்கூட்டர்: கம்பம் நட்டால் தீருமா?

நடராஜா சர்வீஸ்:
சென்னை தி.நகரில் பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலையை 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக்கித் திறந்தார்கள். கால் நீட்டி நடக்க இடம் கிடைத்தது. அந்த அகலமே இப்போது வினை. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர் எல்லாம் மேலே ஏறி ஓட்டுகிறார். என் கட்சி ஒன்றுதான்: கம்பங்களை நெருக்கி நடணும். நடுவில் 60 செ.மீ. விட்டால் ஆள் போகலாம், ஸ்கூட்டர் போகாது.

சாய்தளம்:
60 செ.மீ.யில் சக்கர நாற்காலியும் போகாதே! சாதாரண நாற்காலியே 65 முதல் 70 செ.மீ. அகலம். சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் இடம் வேணும், ஆக 90க்குக் கீழே பேசவே கூடாது. 120 இருந்தால்தான் நிம்மதி. ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரும் ஏறக்குறைய 70தான். நாற்காலி நுழைகிற சந்தில் எல்லாம் ஸ்கூட்டரும் நுழையும். அகலத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. நெருக்கி நட்டால் ஸ்கூட்டர்காரர் அடுத்த சந்து வழியாக ஏறுவார். நாற்காலியில் வருபவர்தான் தார்ரோட்டில் பஸ்ஸோடு போகணும்.

நடராஜா சர்வீஸ்:
சரி, அப்போ நடைபாதையின் கல்விளிம்பை உயர்த்துங்க. 15 செ.மீ. எந்த வண்டிக்கும் தடையே இல்லை.

சாய்தளம்:
உயர்த்தினால் முதல் அடி கிழவிகளுக்குத்தான். 15ஐத் தாண்டக் கூடாது என்பதே விதி. அதோடு 15 செ.மீ. உயரத்துக்கு 12க்கு 1 சரிவு என்றால் 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேணும். 30 ஆக்கினால் 360. அவ்வளவு இடம் எங்கே? நேரா ஒரு செங்கலும் ஒரு சட்டி சிமென்ட்டும் வைத்து எவனோ ராத்திரியில் தனக்கொரு சரிவு கட்டிவிடுவான். தி.நகரில் எந்தத் தெருவில் இல்லை இது?

கல்லாப்பெட்டி:
ரெண்டு பேரும் கம்பத்தையே கட்டிக்கிட்டு அழறீங்களே. மேலே ஓட்டுறவன் வேற, மேலே நிறுத்துறவன் வேற. நிறுத்துறவன் ஏன் ஏத்துறான்? ஒரு பிளவுஸ் பிட்டு வாங்க வர்றவங்க தணிகாசலம் ரோடு அடுக்குமாடி பார்க்கிங்ல விட்டுட்டு நடந்து வருவாங்களா? கார் ஒண்ணு நிக்கிற 5 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இடத்துல ஆறு டூவீலர் நெருக்கி நிறுத்தலாம். பக்கத்துத் தெரு முனையில முதல் நாலு கார் இடத்தை டூவீலருக்கு விடுங்க, 24 வண்டி நடைபாதையை விட்டு இறங்கும். கம்பமே வேணாம்.

நடராஜா சர்வீஸ்:
இறங்கும்... அந்த இடத்தில் மறுநாளே உங்க கடை ஆட்கள் சரக்கு அட்டைப்பெட்டியை அடுக்குவாங்க அண்ணே. அபராதத்தை வியாபாரச் செலவில் எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

கல்லாப்பெட்டி:
சரக்கு இறக்க நேரம் ஒதுக்கி எழுதிப் போடுங்க, பெட்டி ஏன் நிக்கப் போகுது?

மட்டக்கோல்:
நிறுத்தும் இடம் பற்றி கல்லா சொல்வது நியாயம். ஆனால் ஓட்டுபவரை அது தடுக்காது. அகலத்தில் பிரிக்க முடியாததை நீளத்தில் பிரிக்கலாம். நாற்காலி சுமார் 120 செ.மீ. நீளம்; 150 செ.மீ. வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஸ்கூட்டர் 180ஐத் தாண்டும். ஒரே வரிசையாக நடாமல் இரண்டு வரிசைத் தடுப்பு வையுங்கள்: நடுவே 150 செ.மீ. தூரம், முதல் வரிசையின் திறப்பு இடது ஓரம், அடுத்ததன் திறப்பு வலது ஓரம். நாற்காலி வளைந்து போகும். ஸ்கூட்டர்காரர் இறங்கி, முன்னே பின்னே தள்ளித் திருப்பணும். தடை என்பது அந்த எரிச்சல்தான்.

இதை நட்டநடுவில் வைப்பது வீண். டாக்டர் நாயர் சாலை போன்ற கிளைச்சாலை வந்து சேரும் இடத்தில், சாய்தளத்தின் தலைப்பில் வைக்கணும். வண்டி ஏறுவது அங்கேதான். இன்னொன்று: நடப்பவர்களுக்காகப் போட்ட 60 மி.மீ. பேவர் கல்லின் மேல் லோடு ஆட்டோ ஏறினால் அடி மணல் அமுங்கும், கல் ஆடும். மழையில் ஒரு ஓரத்தை மிதித்தால் மறு ஓரத்திலிருந்து சேற்றுநீர் வேட்டியில் பீய்ச்சுவது அதனால்தான். வண்டி தாண்டும் இடத்துக்கு 80 மி.மீ. கல் போடணும்.

சாய்தளம்:
கணக்கு சரி. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு யோசித்தீர்களா? அந்த இரண்டு வளைவிலும் கூட்டம் கழுத்து நெரிபடும். யாராவது மயங்கி விழுந்தால் ஸ்ட்ரெச்சர் 190 செ.மீ. நீளம். ஸ்கூட்டர் திரும்பாத இடத்தில் அது மட்டும் எப்படித் திரும்பும்?

மட்டக்கோல்:
திரும்பாது, ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றுக்கொன்று நேராக இரண்டு கம்பம் மட்டும் கழற்றுகிற மாதிரி வைக்கணும். தரையில் பதித்த குழலில் இறக்கிப் பூட்டுவது. குழலின் அடியில் நீர் வடிய ஓட்டை விடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். பண்டிகை வாரத்தில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு ஆள் நிறுத்தணும்.

கல்லாப்பெட்டி:
சாவி யார் இடுப்புல இருக்கும்?

மட்டக்கோல்:
போக்குவரத்துக் காவல் சாவடியில் ஒன்று, வார்டு பொறியாளரிடம் ஒன்று.

கல்லாப்பெட்டி:
மூணாவதா ஒண்ணு எங்க வாட்ச்மேன்கிட்டயும் குடுத்துடுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல அங்க இருக்கப் போறது அவன் ஒருத்தன்தான்.

நடராஜா சர்வீஸ்:
உங்க வாட்ச்மேன் கையில் சாவி இருந்தால் மறுநாள் காலையில் அங்கே கம்பம் இருக்காது, உங்க லோடு ஆட்டோ இருக்கும்.