லெவல் ஏற ஏற போட்டியில் கீழே போகிறேன். என் போன் கோளாறா, ஆட்டத்தின் கணக்கா?

ஷீட்டடி (குலசேகரம்):
விவசாய ஆட்டம் ஒன்று விளையாடுகிறேன், பெயர் வேண்டாம். வாரக் கடைசியில் மூன்று நாள் போட்டி. ஐம்பது பேரை ஒரு குழுவாகப் போடுவார்கள். வருகிற ஆர்டர்களை முடித்தால் புள்ளி, முதல் பத்துப் பேருக்குப் பரிசு. நான் லெவல் 80 தாண்டிவிட்டேன், அக்கா மகன் 26. போன வாரம் இரண்டு பேரும் ஒரே குழுவில் மாட்டினோம்.

எனக்கு வந்த ஆர்டர் 40 சீஸ், 24 ஜாம். அவனுக்கு 60 கோதுமை, 20 முட்டை. இரண்டுக்கும் 100 புள்ளிதான்! அவன் டியூஷனுக்கும் போய்விட்டு முதல் பத்தில் நிற்கிறான். நான் காலையில் ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்து முடித்து மீதி நேரமெல்லாம் போனோடு இருந்தும் முப்பதுக்குக் கீழே. மழையில் வெட்டு இல்லாத நாளிலும் இதே கதைதான்.

கேச் அழித்தேன், ஆட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், வீட்டுக்காரி போனிலும் திறந்து பார்த்தேன். மாற்றம் இல்லை. என்ன செய்யலாம்?

வடசேரி எக்ஸ்பிரஸ்:
காசு போட்டால் ஜெயிக்கலாம், இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கலாம். அவ்வளவுதான் அண்ணே.

தக்கலைக்காரன்:
போனை விட்டுவிடுங்கள். ஆர்டரை முடிவு செய்வது அவர்களுடைய சர்வர், நீங்கள் எத்தனை தடவை நீக்கி ஏற்றினாலும் அதே அக்கவுண்டில் அதே ஆர்டர்தான் வரும். எனக்கு வேறு விவரம் வேண்டும். ஒரு சீஸ் ஆக எவ்வளவு நேரம்? ஜாமுக்கு எவ்வளவு? எந்திரம் எத்தனை? ஏற்கெனவே குடோனில் இருக்கிற சரக்கைக் கொடுத்தால் புள்ளி உண்டா?

ஷீட்டடி:
சீஸ் 45 நிமிடம், ஜாம் ஒரு மணி நேரம். எந்திரம் இரண்டுக்கும் ஒவ்வொன்றுதான். குடோன் சரக்குக்கும் புள்ளி உண்டு. அக்கா மகனிடம் கேட்டேன்: கோதுமை இரண்டு நிமிடம், முட்டை இருபது நிமிடம். அவனிடம் பத்துக் கோழி இருக்கிறது.

தக்கலைக்காரன்:
சரி, இப்போது கணக்குப் போடலாம். சீஸ் எந்திரத்தில் ஒன்று முடிந்துதான் அடுத்தது. 40 சீஸுக்கு 1800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். ஜாம் பக்கத்தில் தனியாக 24 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆக அந்த ஒரு ஆர்டருக்கு 30 மணி நேரம் போகிறது. போட்டியே 72 மணி நேரம்தான். இதே மாதிரி ஆர்டர் வந்தால், தூங்காமல் இருந்தாலும் இரண்டைத்தான் முடிப்பீர்கள்.

அவன் பக்கம் பாருங்கள். வயல் எல்லாம் ஒரே நேரத்தில் விளையும். பத்துக் கோழியும் சேர்ந்தே முட்டையிடும், இரண்டு சுற்றில் 20 முட்டை. முக்கால் மணி நேரத்தில் அவன் 100 புள்ளியை எடுத்துவிட்டுப் போய்விடுவான்.

லெவலுக்குத் தக்கபடி அளவை ஏற்றுவது தப்பில்லை. உங்களிடம் வயல் கூடுதல், உங்களிடம் 200 கோதுமை கேட்டிருந்தால் நியாயம்தான். எந்திரம் ஒன்றே ஒன்று இருக்கும்போது அதில் செய்கிற பொருளையும் அப்படியே பெருக்கியதுதான் கோளாறு. சீக்கிரம் முடிக்கக் காசு கொடுத்து ஆட்டத்து வைரம் வாங்கச் சொல்வதும் அந்த எந்திரத்தில்தானே? தெரிந்தே செய்தார்களா, கவனிக்காமல் விட்டார்களா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இப்போதைக்கு வழி: போட்டி இல்லாத நாட்களில் சீஸும் ஜாமும் செய்து அடுக்குங்கள். குடோனில் கோதுமை நிறைந்து கிடந்தால் விற்று இடம் பண்ணுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் விளைவிக்கலாம். எந்திரப் பொருள் அதிகம் கேட்கிற ஆர்டரைத் தள்ளிவிட வசதி இருந்தால் தயங்காமல் தள்ளுங்கள்.

கோட்டாறு செஸ் டீச்சர்:
தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் குழு பிரிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்டரை லெவல் பார்த்துக் கொடுக்கிறார்கள், பரிசு என்று வரும்போது 26ஐயும் 80ஐயும் ஒரே குழுவில் போடுகிறார்கள். நம் ஊர்க் கபடியிலேயே எடை பார்த்துத்தானே ஆளை இறக்குகிறோம்?

லெவல் என்பது எவ்வளவு காலம் விளையாடினோம் என்பதைத்தான் காட்டும், அது இறங்கவே இறங்காது. செஸ்ஸில் அர்பாட் ஈலோ வகுத்த ரேட்டிங் முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970இல் எடுத்துக்கொண்டது. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். 200 ரேட்டிங் புள்ளி வித்தியாசம் இருந்தால் பலமானவர் நூறு ஆட்டத்தில் 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்ப்போம், 400 என்றால் 91. போன போட்டிகளில் எடுத்த புள்ளியை வைத்து இப்படிக் குழு பிரித்திருந்தால் நீங்களும் மருமகனும் ஒன்றாக மாட்டியிருக்க மாட்டீர்கள். அதிலும் ஓட்டை உண்டு, வேண்டுமென்றே தோற்றுக் கீழே இறங்கி அப்புறம் பரிசை அள்ளுகிறவர்கள் வருவார்கள். அது வேறு தலைவலி.

வடசேரி எக்ஸ்பிரஸ்:
விளையாடுகிறவரைக் காசு செலவழிக்க வைக்கவே ஆளோடு ஆளைக் கோத்துவிடுகிற முறைக்கு ஒரு கம்பெனி காப்புரிமையே வாங்கியிருக்கிறது டீச்சர், நான் சும்மா சொல்லவில்லை.

கோட்டாறு செஸ் டீச்சர்:
அது ஆக்டிவிஷன் என்கிற வீடியோ கேம் கம்பெனி. 2017 அக்டோபரில் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது உண்மை. எந்த ஆட்டத்திலும் அதைச் சேர்க்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். அதை வைத்து இந்த ஆட்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஒரே லெவலில் காசு போடுகிறவர்கள் சிலர், போடாதவர்கள் சிலர், எல்லாருடைய ஆர்டரையும் ஒரே போட்டியில் எழுதி ஒப்பிட்டால் ஓரளவு தெரிந்துவிடும்.

ஷீட்டடி:
ரொம்ப நன்றி. 26 லெவலிலேயே நிற்கிற மாதிரி குட்டி அக்கவுண்ட் ஒன்று தொடங்கினால் என்ன?

தக்கலைக்காரன்:
ஒவ்வொரு அறுவடைக்கும் அனுபவப் புள்ளி ஏறுகிற ஆட்டத்தில் லெவலை எப்படி மக்கா பிடித்து நிறுத்துவீர்கள்? இரண்டாவது அக்கவுண்ட் கூடாது என்று விதி இருந்தால் இரண்டும் போய்விடும். அதற்குப் பதில் ஆட்டத்துக்குள்ளேயே புகார் எழுதுங்கள். "அநியாயம்" என்று மட்டும் எழுதினால் தானியங்கிப் பதில்தான் வரும். லெவல், ஆர்டர், ஆகும் நேரம், புள்ளி என நான்கையும் பட்டியலாக, ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். உங்களுடையதும் மருமகனுடையதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

ஷீட்டடி:
சீஸ் இன்றிலிருந்தே போட்டுவிட்டேன். என் பட்டியல் ரெடி. அவன் போனைத்தான் வாங்க முடியவில்லை, பரிசில் பாதி கேட்கிறான்.