என்எம்ஆர் குழாயில் புரதம் திரிந்துபோகிறது

கேள்வி: எம்9 ஊடகத்தில் (பாக்டீரியா வளர்க்கும் எளிய ஊட்டக் கரைசல்) நைட்ரஜனுக்கு நைட்ரஜன்-15 அம்மோனியம் குளோரைடு மட்டும் கொடுத்து வளர்த்த 14 கிலோடால்டன் புரதம். 0.8 மில்லிமோலாருக்குச் செறிவாக்கி, 10% கனநீர் சேர்த்து என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வச்சு மூலக்கூறு அமைப்பைப் பார்க்கிற முறை) குழாயில் விட்டேன். பாஸ்பேட் பஃபர் (பிஹெச் மாறாம வச்சிருக்கிற கரைசல்), பிஹெச் 7.4. சாயங்காலம் கண்ணாடி மாதிரி தெளிவு. காலையில் அடியில் வெள்ளைப் படலம். மூணு வார உழைப்புங்க, மனசு ஆறல.

பதில்: புரதத்தோட பிஐ (நிகர மின்சுமை பூஜ்யமாகிற பிஹெச்) எவ்வளவு? 7.4-க்குப் பக்கத்துல இருந்தா நிகர மின்சுமை இல்லாம ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். 6.5-க்கு இறக்கிப் பாருங்க. அமைடு புரோட்டான் (புரதச் சங்கிலியில நைட்ரஜனோட ஒட்டின ஹைட்ரஜன்) தண்ணீரோட இடம் மாறுறதும் மெதுவாகும், சிக்னல் தெளியும். ஹெச்எஸ்கியூசிக்கு (அந்த நைட்ரஜன்-ஹைட்ரஜன் ஜோடிகளைக் காட்டுற என்எம்ஆர் சோதனை) 0.2 மில்லிமோலாரே போதும், 0.8 எதுக்கு?

பதில்: அர்ஜினின், குளுட்டமேட்னு ரெண்டு அமினோ அமிலம் தலா 50 மில்லிமோலார் சேர்த்துட்டு அப்புறம் செறிவாக்குங்க. எனக்குக் கைகொடுத்தது அதுதான். உப்பை மட்டும் ஏத்தாதீங்க, கிரையோபுரோப்ல (குளிரூட்டின சிக்னல் உணரி) சிக்னல் அடிவாங்கும்.

கேள்வி கேட்டவர்: கணக்குப் போட்டேன், பிஐ 7.2! முதல்லயே பார்த்திருக்கணும். பிஹெச் 6.5, 0.3 மில்லிமோலார்ல வச்சு ரெண்டு நாளாச்சு. குழாய் இன்னும் தெளிவா இருக்கு. ரொம்ப நன்றிங்க.