பூஸ்டர் கோல்டை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?
நண்பர்களுக்கு வணக்கம். டிசி காமிக்ஸின் அதிநாயகர் அணியைப் பற்றிய ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’ அனிமேஷன் தொடரை (2004–2006) அண்மையில் முழுமையாகப் பார்த்து முடித்தேன். முந்தைய தொடரில் ஏழு பேராக இருந்த அணியை ஐம்பதைத் தாண்டி விரித்த பிறகும், ஓரத்தில் நிற்கும் ஒருவருக்கு ஓர் அத்தியாயத்தையே ஒப்படைக்கும் துணிச்சல் அதற்கு இருந்தது. மந்திரவாதி மோர்ட்ரூவுடன் மற்றவர்கள் மோதும் பெரும்போர் பின்னணியில் மட்டுமே தெரிய, கூட்டத்தை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்ட பூஸ்டர் கோல்ட் என்ற அதிநாயகர், சக நாயகர் ஒருவர் கண்ணிலும் படாமல், கருந்துளையிலிருந்து நகரத்தைக் காப்பாற்றுகிறார். முடிவில் திட்டும் வாங்குகிறார். குழுக்கதை எழுதுவோர் அனைவரும் பார்க்க வேண்டிய அத்தியாயம் அது என்பேன்.

அவரைக் காமிக்ஸிலும் தொடர விரும்புகிறேன். கீத் கிஃபனும் ஜே. எம். டிமேட்டிஸும் எழுதி, கெவின் மக்வயர் வரைந்து 1987-இல் தொடங்கிய ‘ஜஸ்டிஸ் லீக்’ வரிசையில் நான்காம் இதழிலேயே அவர் இணைந்துவிடுகிறார். அதை நேரடியாகப் படிக்கலாமா, அதற்கு முன், அந்த அணி உருவாகும் ‘லெஜெண்ட்ஸ்’ குறுந்தொடரைப் படித்தாக வேண்டுமா, அல்லது டான் ஜர்கன்ஸ் 1986-இல் தொடங்கிய பூஸ்டரின் தனித்தொடரே முதலில் வர வேண்டுமா என்பதைப் படித்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அணித்தோழர் ப்ளூ பீட்டிலுடனான அவரது நட்பின் பிற்காலக் கதையை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.