எலைட் டேஞ்சரஸில் கடத்தல்காரராக: எல்லையோரத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

விண்வெளியில் கப்பலோட்டி வணிகம் செய்யும் எலைட் டேஞ்சரஸ் என்னும் கணினி விளையாட்டில் கடத்தல்காரர் வேடம் ஏற்றவர்கள் தங்களுக்கு நேர்ந்த சந்திப்புகளைப் பகிரலாம் என்றதும், முன்னால் எழுதிய பலரும் காவல் கப்பலிடமிருந்து தப்பிய கதையையே சொல்லியிருக்கிறீர்கள். அவற்றையெல்லாம் ரசித்துப் படித்தேன். எனினும், இந்த வேடத்தின் சுவை தப்பி ஓடுவதில் இல்லை என்பது என் எண்ணம். ஓரிடத்தில் பகிரங்கமாக ரசீது போட்டு விற்கப்படும் சரக்கு அடுத்த இடத்தில் குற்றப்பொருளாகி விடுகிறதே, அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, இதை உணர எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. எங்கள் சித்தூர் வட்டத்துத் தோப்புகளில் இறக்கப்படும் கள் கலால் துறையின் உரிமத்தோடு கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியேறிப் போகிறது. எல்லையூரான வேலந்தாவளத்தைத் தாண்டிக் கிழக்கே போனாலும் அதே மண்ணும் அதே தென்னையும்தான், ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரிசியின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. அங்கே குடும்ப அட்டைக்கு விலையில்லாமல் வழங்கப்படும் ரேஷன் அரிசி மேற்கே வந்தவுடன் விலை பெற்றுவிடுகிறது. ஆகவே வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சாலைகளில் குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறையினர் மூட்டைகளைத் தேடுகிறார்கள். மூட்டைக்குள் இருப்பது எவரும் உண்ணும் அரிசிதான், அது நிற்கும் இடம்தான் அதைக் குற்றமாக்குகிறது.

டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக உருவாக்கிய முதல் எலைட்டில் இந்த நுட்பம் கிடையாது. அடிமைகள், போதைப்பொருள், துப்பாக்கிகள் ஆகிய மூன்றும் அதில் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் தடைப்பொருள்களே. அவற்றோடு புறப்பட்டால் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் நற்சான்று கெட்டு, முதலில் குற்றவாளி என்றும் பிறகு தலைமறைவானவர் என்றும் மாறும். 2014 டிசம்பரில் வெளிவந்த எலைட் டேஞ்சரஸில் தடைப்பட்டியல் நிலையத்துக்கு நிலையம் வேறுபடுகிறது, ஏனெனில் அந்த நிலையத்தை ஆளும் தரப்பு எத்தகையது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. விளையாட்டின் வல்லரசுகளுள் ஒன்றான பேரரசின் பகுதியில் சட்டப்படி விற்கப்படும் இம்பீரியல் அடிமைகள், இன்னொரு வல்லரசான கூட்டமைப்பின் எல்லைக்குள் வந்ததும் தடைசெய்யப்பட்ட சரக்காகிறார்கள். அரசே இல்லாத அராஜகப் பகுதிகளிலோ எதற்கும் தடை இல்லை. (அடிமைகளை நான் ஏற்றுவதில்லை. விளையாட்டுத்தானே என்று நண்பர்கள் சொன்னாலும், சரக்குப் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு எதிரே டன் கணக்கைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.)

நான் சொல்ல விரும்பும் முதல் சந்திப்பு, சமய ஆட்சி நடந்த ஒரு நிலையத்தின் வாசலில் நிகழ்ந்தது. அங்கே மது தடைப்பட்டியலில் இருந்தது. நான்கைந்து ஒளியாண்டு தள்ளியிருந்த பண்ணை நிலையத்தில் எவரும் கேள்வி கேட்காமல் விற்ற மதுவை என் கோப்ரா மார்க் 3 கப்பலின் அறை நிறைய ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். இந்தச் சுழலும் நிலையங்களுக்கு நுழைவாயில் ஒன்றே ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் தபால் பெட்டியின் வாய் என்று அழைக்கும் அந்த நீள்சதுரத் திறப்புக்கு முன்னால் வைப்பர் வகைக் காவல் கப்பல்கள் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். அவற்றுள் ஒன்று உங்கள் பக்கம் மூக்கைத் திருப்பி, சில விநாடிகள் தொடர்ந்து பார்வையிலேயே வைத்திருந்தால் சரக்கு சோதிக்கப்பட்டுவிடும், அபராதம் உடனே எழுதப்படும்.

காவல் கப்பல்கள் உங்களைக் கண்டுகொள்வது உங்கள் கப்பல் வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டுதான் என்பதே இந்த விளையாட்டின் மிகச் சிறந்த கற்பனை என்று நினைக்கிறேன். சைலன்ட் ரன்னிங் என்னும் நிலைக்கு மாறினால் வெப்பம் வெளியேறும் வழிகள் மூடப்படும், கப்பல் கருவிகளின் கண்ணுக்கு ஏறத்தாழ மறைந்துவிடும். ஆனால் கேடயம் அணைந்துபோகும், மூடிவைத்த வெப்பமோ உள்ளேயே ஏறிக்கொண்டிருக்கும். நூறு விழுக்காட்டைத் தாண்டினால் கப்பலின் உறுப்புகளே சேதமடையத் தொடங்கும். ஹீட் சிங்க் ஒன்றை வெளியே எறிந்தால் அந்தச் சூட்டை அது வாங்கிக்கொண்டு போய்விடும். மறைந்திருப்பதற்கு உள்ளேயே ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, வெறுமனே ஒரு பொத்தானை அழுத்தினால் மாயமாகிவிடும் மற்ற விளையாட்டுகளைவிட எவ்வளவோ மேலானது.

அன்று நான் ஏழரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்து, தரையிறங்க அனுமதி பெற்று, வாயிலுக்கு நேர்க்கோட்டில் கப்பலை நிறுத்திக் காத்திருந்தேன். நுழைவாயிலுக்கு வலப்புறம் ஒரு வைப்பர், மேலே இன்னொன்று. வலப்புறத்தது ஒரு பெரிய சரக்குக் கப்பலைச் சோதிக்கத் திரும்பிய தருணத்தில் சைலன்ட் ரன்னிங்கை இயக்கிப் புறப்பட்டேன். பாதி வழியில் மேலிருந்தது கீழே இறங்கி என் பாதையைக் குறுக்காகக் கடந்தது. கேடயம் அணைந்திருக்கும்போது மோதினால் கப்பலே போய்விடும், வேகத்தைக் குறைத்தாலோ வெப்பம் ஏறும் நேரம் நீளும். வேகத்தை மாற்றாமல், ஒரு ஹீட் சிங்கை மட்டும் எறிந்துவிட்டு அதன் வயிற்றுக்குக் கீழாகப் போனேன். அது திரும்பவில்லை. உள்ளே போய்க் கள்ளச் சந்தையில் விற்றபோது கிடைத்த இலாபத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதே அறை நிறையக் கணினிப் பாகங்களை ஏற்றி நேர்வழியில் விற்றிருந்தால் அதைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும். இந்த விளையாட்டில் சொந்தச் செலவில் கடத்துவது பணத்துக்கான தொழில் அல்ல என்பதைப் புதிதாக வருபவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது சந்திப்பு மனிதரோடு. எல்லா ஆட்டக்காரர்களும் ஒருவரையொருவர் காணக்கூடிய திறந்த முறையில் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு பைதான் கப்பல் என்னை அதிவேகப் பயணத்திலிருந்து பின்னிழுத்து நிறுத்த முற்பட்டது. போராடித் தோற்றால் கப்பல் நிலைதடுமாறிச் சுழலும், மீண்டும் புறப்படவும் நெடுநேரமாகும். ஆகவே விசையைச் சுழியமாக்கி நானே நின்றுவிட்டேன். என் தளபதிப் பெயரில் ஊர்ப் பெயர் இருப்பதைக் கவனித்த அவர், செய்திப் பெட்டியில் மலையாளத்தில் எழுதினார்:

“சேட்டா, குறச்சு சரக்கு தந்நால் மதி.” (அண்ணா, கொஞ்சம் சரக்கு தந்தால் போதும்.)

அவர் நெம்மாறைப் பக்கத்துக்காரர் என்பது பிறகு தெரிந்தது. எத்தனை டன் என்று கேட்டேன், பத்து என்றார். நான்கு தருகிறேன் என்றேன். விண்வெளியின் நடுவில் இருவரும் சந்தையில் பேரம் பேசுவதுபோல் பேசி ஆறு டன்னில் முடித்தோம். நான் கதவைத் திறந்து சரக்கை மிதக்க விட்டேன். அவர் அதை அள்ளிக்கொண்டு போவதற்கு முன், “சேட்டா, தங்களுக்கு நேர்ந்த குற்றத்தைக் காவலுக்குத் தெரிவிக்கும் அமைப்பை அணைத்து வைத்திருக்கிறீர்கள்தானே?” என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். அணைத்துத்தான் வைத்திருந்தேன். கடத்தல்காரர் எவரும் அதை இயக்கி வைப்பதில்லை, ஏனெனில் உங்களைக் காப்பாற்ற வரும் காவல் கப்பல் முதலில் சோதிப்பது உங்கள் சரக்கைத்தான். கொள்ளையர் கேட்கும் பங்கைக் கொடுத்துவிட்டுப் போவதே மலிவு என்பதை அவரும் அறிந்திருந்தார், நானும் அறிந்திருந்தேன். எங்கள் எல்லைச் சாலைகளில் இரவில் ஓடும் சில வண்டிகளின் பொருளாதாரமும் இதுவே என்று கேள்வி. அதற்கு மேல் இங்கே எழுதுவது முறையாகாது.

பலரும் ஏக்கத்தோடு நினைவுகூரும் ரோபிகோ ஓட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டில், மனிதர் வாழும் பகுதியிலிருந்து பல நூறு ஒளியாண்டு தள்ளியிருந்த ரோபிகோ மைன்ஸ் நிலையத்தில் கடத்தல் ஒப்பந்தங்களை அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் தாவித் தாவி வந்து ஒவ்வொரு நிலையமாக இறக்கிக் கோடிக்கணக்கில் ஈட்டினார்கள். யாராவது ஒருமுறை சோதித்துவிட்டால் ஒப்பந்தங்கள் கைநழுவும் என்பதால் பதற்றம் இருந்தது உண்மை. ஆனால் அது கடத்தல் என்ற உணர்வை எனக்குத் தரவில்லை. சரக்கு எங்கிருந்து வருகிறது, இங்கே ஏன் தடை, யாருக்குத் தேவை என்ற எதுவும் அதில் இல்லை. எவரோ கொடுத்த பொட்டலத்தைச் சேர்ப்பிக்கும் கூலி வேலைதான். பின்னர் அந்த ஊதியத்தைக் குறைத்தபோது ஆட்டக்காரர்கள் வருந்தியதற்குக் காரணமும் கூலி குறைந்ததே.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, கள்ளையும் அரிசியையும் வைத்துத் தாங்கள் எழுதியது எனக்கு நன்றாகவே விளங்கிற்று. ஆனால் எல்லைக்கோடு ஓரிடத்திலேயே நிற்கிறது, சரக்குதான் அதைக் கடக்கிறது என்றே தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நேர்ந்தது வேறு விதம். முந்தின இரவு ஒரு நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த கப்பலில் போர் ஆயுதங்கள் இருந்தன. அந்த நிலையத்தில் அவை தடையில்லாமல் விற்கப்பட்டவை, என் சரக்கும் அங்கேயே இறங்க வேண்டியது. மறுநாள் நான் விளையாட்டுக்குள் வந்தபோது, உள்ளூர்த் தரப்புகளுக்கிடையே நடந்த மோதல் முடிந்து நிலையம் வேறொரு தரப்பின் ஆளுகைக்குப் போயிருந்தது. புதிய ஆட்சியாளரின் பட்டியலில் போர் ஆயுதங்கள் தடைப்பொருள். நான் ஓரடி நகராமலே கடத்தல்காரனாகியிருந்தேன். காவல் கப்பலும் என்னை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது, ஆகவே இறங்கும் எண்ணத்தை விட்டு அடுத்த விண்மீன் மண்டலத்துக்குத் தாவிவிட்டேன். அருகில் பெரிய கப்பல் இருந்தாலும் அந்தத் தாவலை அதன் நிறை தாமதப்படுத்தாது என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதே மண்டலத்துக்குள் ஓட முயன்றால்தான் சிக்கல்.

எங்கள் ஊருக்கு இது புதிதன்று. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது எல்லை ஊருக்குக் கிழக்கே, தென்காசிக்குப் போகும் வழியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும், எல்லை மேற்கே புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் போய்விட்டது. தென்காசிக்கு மூட்டை கொண்டுபோனவர்கள் அதுவரை எல்லை தாண்டியவர்கள், அதன்பின் சாதாரண வணிகர்கள். புனலூருக்குக் கொண்டுபோனவர்களின் நிலை நேர்மாறாகிவிட்டது. விளையாட்டை உருவாக்கியவர்கள் எங்கள் ஊர் வரலாற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை என்றாலும், இந்த ஒரு விஷயத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கோப்ராவில் எத்தனை ஹீட் சிங்க் கருவிகள் பொருத்தினீர்கள்? கேடய வலுவூட்டிகளை எடுத்துவிட்டுத்தான் இடம் செய்ய வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தாங்கள் சொன்னது சரி, நிலையத்தின் ஆட்சி மாறுவதை நான் கணக்கில் கொள்ளவே இல்லை. சித்தூர் கொச்சி அரசின் கீழும், சுற்றியிருந்த பகுதிகள் சென்னை மாகாணத்தின் கீழும் இருந்த காலத்திலும் கிழக்கு எல்லை ஏறத்தாழ இதே இடத்தில்தான் இருந்தது, ஆகவே கோடு அசையாதது என்ற எண்ணம் எங்கள் பக்கத்தவர்களுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது போலும். இனி சரக்கு ஏற்றுவதற்கு முன் மட்டுமல்லாமல், இறக்குவதற்கு முன்பும் நிலையத்தின் தடைப்பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கோப்ராவில் கருவிகளுக்கான சிறிய இடங்கள் இரண்டுதான். இரண்டிலும் ஹீட் சிங்கே பொருத்தியிருக்கிறேன். சைலன்ட் ரன்னிங்கில் கேடயம் எப்படியும் அணைந்துவிடுவதால், வலுவூட்டியை வைத்திருப்பதில் வாசலருகே எந்தப் பயனும் இல்லை. கொள்ளையர் பயம் மிகுந்த வழியாகப் போகிறீர்களென்றால் மட்டும் ஒன்றை விட்டுவைக்கலாம்.